அத்தியாயம் 9: மேசையிலிருந்து சர்வருக்கு ஒரு சிலந்தி மந்திரவாதி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் சிலந்தியை வைத்துக் கட்டிய கிளாஸ்களுக்குப் பஞ்சமே இல்லை. 'ஃபெயித்ஸ் அண்ட் பாந்தியான்ஸ்' (2002) நூலில் ஆரக்னே வருகிறாள். 'டிரௌ ஆஃப் தி அண்டர்டார்க்' (2007) நூலில் ஆரக்னோமான்சர் வருகிறார். வலை வீசுவது, சுவரில் ஏறுவது, நஞ்சு பாய்ச்சுவது, கடைசியில் தானே சிலந்தியாவது எனப் படிக்கும்போதே ஆசை வரும். அந்த ஆசையோடு நேராக ஆன்லைன் சர்வருக்குள் போய் இறங்குபவர்கள்தான் இரண்டாம் வாரம் எல்லாரிடமும் திட்டு வாங்குகிறார்கள்.

இந்த அத்தியாயத்தில் நாம் எடுத்துக்கொள்ளும் சர்வர் 'நெவர்விண்டர் நைட்ஸ்' வகையைச் சேர்ந்தது. பயோவேர் உருவாக்கி 2002-ல் வெளிவந்த ஆட்டம் அது. 2018-ல் பீம்டாக் அதன் 'என்ஹான்ஸ்ட் எடிஷனை' கொண்டுவந்தது. டூல்செட் ஆட்டத்தோடே வருகிறது, விதிகள் மூன்றாம் பதிப்பை ஒட்டியவை, கிளாஸ் விவரங்களெல்லாம் திறந்து திருத்தக்கூடிய அட்டவணைகளில் இருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஆட்கள் இதில் ரோல்பிளே சர்வர் நடத்துவதற்கு இவையே காரணம்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். மேசையில் டிஎம் எதிரே உட்கார்ந்திருக்கிறார். "இந்தக் குகையில் வலையை எதில் கட்டுவாய்?" என்று அவர் கேட்டால் ஆட்டம் சரியாகிவிடும். சர்வரில் நள்ளிரவு இரண்டு மணிக்கு டிஎம் கிடையாது. ஆகவே, தீர்ப்பு தேவைப்படும் ஒவ்வொரு சக்தியையும் ஒன்று ஸ்கிரிப்டாக எழுத வேண்டும், இல்லை டிஎம் இருக்கும்போது மட்டும் என்று ஒதுக்க வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும். நான்காவது வழி இருப்பதாக நினைத்துச் செய்யும் வேலைதான் வம்பாகிறது.

முதல் வேலை: மூன்று குவியல்

கணினியை இன்னும் திறக்காதீர்கள். ஒரு தாளில் உங்கள் கிளாஸின் சக்திகளை எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டுக்கு, மந்திரவாதிகள் பாதியில் சேரக்கூடிய பத்து லெவல் பிரெஸ்டீஜ் கிளாஸ் ஒன்றை வைத்துக்கொள்வோம். பெயர் 'சிலந்தி மந்திரவாதி'. அவருடைய சக்திகள்: வலை, சுவரேறுதல், நஞ்சுக் கடி, துணைச் சிலந்தி, சிலந்திகளோடு பேசுதல், தரை அதிர்வை உணர்தல், சிலந்தி உருவம்.

1. ஆட்டம் ஏற்கெனவே செய்பவை: வலை மந்திரம், சிலந்தி நஞ்சு, வரவழைக்கும் சிலந்தி, சிலந்தி உருமாற்றம். ட்ரூயிடின் துணை விலங்குப் பட்டியலிலேயே ராட்சதச் சிலந்தி இருக்கிறது. ஷிஃப்டர் கிளாஸில் பாதி மனிதன் பாதி சிலந்தியான ட்ரைடர் உருவமும் இருக்கிறது. மாடல், அசைவு, சத்தம் எதையும் நீங்கள் புதிதாகத் தேட வேண்டாம்.

2. ஸ்கிரிப்ட் எழுதினால் ஓரளவு வருபவை: வலை தீப்பிடிப்பது, சுவரேறுவது, தரை அதிர்வை உணர்வது.

3. டிஎம் இருந்தால்தான் உண்டு: சிலந்திகளோடு பேசித் துப்பு அறிவது, பள்ளத்தின் குறுக்கே வலையால் பாலம் கட்டுவது.

மூன்றாம் குவியலில் உள்ளதைக் கிளாஸ் விளக்கத்திலேயே "டிஎம் முன்னிலையில் மட்டும்" என்று எழுதிவிடுங்கள். அதை எழுதாமல் விட்டால், சிலந்திகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதாகச் சொல்லி எதிர்க் குழுவின் ரகசியங்களை ஒருவர் பேசத் தொடங்குவார். மூன்றாம் பதிப்பில் சிலந்திகள் மூளையற்ற பூச்சி இனம் என்பதை அப்போது நினைவூட்டிப் பயனில்லை.

வலை: அதிக நேரம் இதில்தான் போகும்

மேசை விதியில் வலை மந்திரம் 20 அடி ஆரத்துக்குப் பரவும். எதிரெதிராக இரண்டு உறுதியான பிடிப்புகள் இல்லாவிட்டால் தானே மடிந்து விழுந்துவிடும். சிக்கியவர் விடுபட டிசி 20 பலச் சோதனை அல்லது டிசி 25 நழுவல் சோதனை செய்ய வேண்டும். தீ பட்டால் ஒரு ரவுண்டில் ஐந்து சதுர அடி எரிந்துபோகும். உள்ளே மாட்டியவருக்கு 2டி4 சேதம். லெவலுக்குப் பத்து நிமிடம் நிற்கும்.

நெவர்விண்டரில் பிடிப்புத் தேவையில்லை, தீ பற்றாது, நிற்பது ரவுண்டுக் கணக்கில்தான். ஒரு ரவுண்டு என்பது ஆறு விநாடி. அதாவது மேசையில் வலையின் விலையாக இருந்த இரண்டு பலவீனங்கள் இங்கே காணாமல் போயிருக்கின்றன. நீங்கள் கிளாஸுக்குத் தினமும் கூடுதல் வலைகள் கொடுக்கும்போது அந்த விலையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

1. ஒருவருக்கு ஒரு வலை. வலை விழுந்ததும் அந்தப் பகுதிப் பொருளை மந்திரவாதியின் மேல் ஒரு மாறியாகச் சேமியுங்கள். அடுத்த வலை விழும்போது பழையதை அழியுங்கள். ஐந்து வலையை அடுக்கி ஒரு பாஸை நகரவிடாமல் கொல்லும் வித்தை இதோடு போய்விடும்.

2. வாசலுக்கு அருகே தடை. ஒரு ஏரியாவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் வலை விரித்தால், திரை ஏற்றப்பட்டுக்கொண்டிருக்கும்போதே வருபவர் சிக்கிவிடுவார். அருகிலுள்ள டிரான்சிஷன், கதவு, உயிர்த்தெழும் இடம் ஆகியவற்றுக்கான தூரத்தை ஸ்கிரிப்டில் பாருங்கள். பத்து மீட்டருக்குள் இருந்தால் "இங்கே நூல் பிடிக்கவில்லை" என்று ஒரு செய்தி காட்டிச் சக்தியைத் திருப்பிக் கொடுங்கள். பத்து என்பது என் கணக்கு. உங்கள் வரைபடங்கள் குறுகலானவை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள்.

3. தீயைத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மந்திரமும் வேலை செய்யும் முன் மாட்யூல் அளவில் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிடலாம், ஸ்பெல்ஹூக் என்பார்கள். எறியப்பட்டது தீ மந்திரமா என்று அதில் பாருங்கள். குறி வைத்த இடத்துக்கு அருகில் வலை இருந்தால் அழித்துவிட்டு, உள்ளிருப்பவர்களுக்கு 2டி4 தீச்சேதம் கொடுங்கள். இருபது வரி ஸ்கிரிப்ட்தான். சிலந்தி மந்திரவாதிக்கும் தீ மந்திரவாதிக்கும் ஓர் உறவையே அது உண்டாக்கிவிடுகிறது. ரோல்பிளே சர்வரில் எந்தச் சேதக் கணக்கையும்விட எனக்கு அது பெரிது.

கவனம்: மந்திர வலையையே திருத்தாதீர்கள். சர்வரில் இருக்கும் எல்லா மந்திரவாதிகளின் வலையும் மாறிவிடும். ஸ்பெல்ஸ் அட்டவணையில் புதிய வரிசை ஒன்று போட்டு, வலை ஸ்கிரிப்டின் நகலை வேறு பெயரில் வைத்து, அந்த நகலைத் திருத்துங்கள். ஸ்கிரிப்ட் பெயர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும்.

சுவரேறுதல்

புதியவர்கள் ஆசையோடு கேட்பதும் இதுதான், ஆட்டத்தின் எஞ்சினில் வழியே இல்லாததும் இதுதான். நெவர்விண்டரில் ஏறும் திறன் கிடையாது. கேரக்டர்கள் தரைப்பரப்பின் மேல் மட்டுமே நடக்கிறார்கள். கூரையில் தலைகீழாகத் தொங்குவதை மறந்துவிடுங்கள்.

செய்யக்கூடியது இது. ஏரியா கட்டுபவர் சில சுவர்களின் அடியில் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஒன்றை வைக்கிறார். மேலே சேருமிடத்தில் ஒரு வே-பாயிண்ட். சிலந்தி மந்திரவாதி அதைச் சொடுக்கினால் ஸ்கிரிப்ட் அவருடைய கிளாஸ் லெவலைப் பார்த்து, திரையை ஒரு கணம் இருட்டாக்கி, மேலே கொண்டுபோய் விடுகிறது. மற்றவர்களுக்கு "வழுக்கும் பாறை, பிடிப்பில்லை" என்று மட்டும் தெரியும்.

எங்கெல்லாம் ஏறலாம் என்பதை ஏரியா கட்டுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். நினைத்த இடத்துக்குத் தாவும் சக்தியாக இதைக் கொடுத்துவிட்டால் பூட்டிய கில்டு மாளிகைக்குள்ளும், கதவு திறக்கப் புதிர் வைத்திருக்கும் நிலவறைக்குள்ளும் உங்கள் சிலந்தி முதலில் நிற்கும். சில சர்வர்கள் ஏறும் சக்திக்குப் பதிலாக வேகத்தைக் கூட்டிக் கொடுக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓடுகிற சிலந்தியை எந்தக் கிளாஸும் செய்துகொள்ளும். ஏறுவதுதான் இந்தக் கிளாஸின் முகம். சர்வர் முழுக்க ஏழெட்டு இடத்தில் ஏற முடிந்தால்கூடப் போதும்.

நஞ்சு

மேசையில் நடுத்தர அளவுச் சிலந்தியின் நஞ்சு டிசி 12, பலத்தில் 1டி4 இழப்பு, ஒரு நிமிடம் கழித்து மறுபடியும் அதே. பெரிய சிலந்திக்கு டிசி 13, 1டி6. ஆட்டத்தின் நஞ்சு அட்டவணையில் குட்டிச் சிலந்தி முதல் பூதாகாரச் சிலந்தி வரை எல்லாம் தயாராக உள்ளன. சிக்கல் என்னவென்றால் அங்கே ஒவ்வொரு நஞ்சின் டிசியும் நிலையானது. பதினெட்டாம் லெவல் மந்திரவாதி கடித்தாலும் டிசி 12 என்றால் யாரும் அசைய மாட்டார்கள்.

ஆகவே உங்கள் ஸ்கிரிப்டிலேயே சோதனையை எழுதுங்கள். மேசையில் இயற்கை நஞ்சுக்கான சூத்திரம் 10, அதோடு பாதி லெவல், அதோடு உடலுரத்தின் கூடுதல். அதையே எடுத்துக்கொள்ளலாம். பிறகு இரண்டைக் கவனியுங்கள்.

முதலாவது, மேசையில் பலம் பூஜ்யமானால் ஆள் விழுந்துவிடுவான். நெவர்விண்டரில் எந்தத் திறனும் 3-க்குக் கீழே போகாது. நஞ்சு மட்டும் வைத்து எதிரியை வீழ்த்தும் மேசைத் தந்திரம் இங்கே செல்லாது. மாறாக, பலம் குறைந்த ஆட்டக்காரர் சுமை தாங்காமல் ஆமை வேகத்தில் நகர்வார். ஓடித் தப்ப முடியாத நிலை மரணத்தைவிட எரிச்சலானது என்பதால், ஆட்டக்காரர் மேல் ஆட்டக்காரர் செலுத்தும் நஞ்சுக்கு நேர வரம்பு வையுங்கள்.

இரண்டாவது, உங்கள் சர்வரின் எதிரிகள் யார்? எலும்புக்கூடுகளுக்கும் கோலெம்களுக்கும் நஞ்சு ஏறாது. கல்லறைகள் நிறைந்த சர்வரென்றால் இந்தக் கிளாஸுக்கு வேறு ஒரு பல் வேண்டும். அங்கே நஞ்சுக் கடியைக் குறைத்து வலையைக் கூட்டுங்கள்.

துணைச் சிலந்தி, அதிர்வு, உருமாற்றம்

துணையை வரவழைக்கும் கட்டளை ஒரு நேரத்தில் ஒரு உயிரியைத்தான் வைத்துக்கொள்ளும். புதியது வந்தால் பழையது மறையும். சிலந்திக் கூட்டம் வேண்டுமென்று எஞ்சினோடு மல்லுக்கட்ட வேண்டாம். சிறியது, நடுத்தரம், பெரியது என மூன்று சிலந்திகளை டூல்செட்டில் செய்து வைத்து, லெவலுக்கேற்ப ஒன்றை அனுப்புங்கள். இருபது சிலந்திகள் ஊர்ந்தால் சண்டையும் புரியாது, சர்வரும் திணறும்.

தரை அதிர்வை உணரும் எல்லை மேசையில் 60 அடி, ஏறத்தாழ 18 மீட்டர். இதை ஆறு விநாடிக்கொரு முறை ஓடும் ஹார்ட்பீட் ஸ்கிரிப்டில் போடாதீர்கள். ஆட்டக்காரர் பயன்படுத்தும்போது மட்டும் ஒருமுறை சுற்றிலும் தேடும் ஃபீட்டாக வையுங்கள். "வடக்கே மூன்று பேர் நடக்கிறார்கள்" என்று திசையும் எண்ணிக்கையும் போதும், பெயரைக் காட்டாதீர்கள். பறப்பவர்களையும் அசையாமல் நிற்பவர்களையும் விட்டுவிடுங்கள். ஒளிந்து வாழும் ரோக் ஆட்டக்காரர்கள் உங்களுக்கு நன்றி சொல்வார்கள்.

சிலந்தி உருமாற்றத்துக்குத் தினசரி எண்ணிக்கை கட்டாயம். ஒவ்வொரு முறை உருமாறும்போதும் புதிய உடல்நலம் வந்து சேர்ந்தால், உருவை மாற்றி மாற்றியே சாகாமல் இருப்பார்கள். தானியங்கிச் சேமிப்பு ஓடும்போது உருமாறியவருக்கு என்ன ஆகிறது என்பதையும் சோதனைச் சர்வரில் பாருங்கள்.

உதவிக்குறிப்பு: மேசையில் "நாளுக்கு மூன்று முறை" என்பது நாளுக்கு மூன்று முறைதான். இங்கே இயல்பாக இரண்டு நிமிடம் ஓர் ஆட்ட மணி, ஆக 48 நிமிடத்தில் ஒரு நாள். அதுவும் சக்தி திரும்புவது கடிகாரத்தால் அல்ல, ஓய்வெடுப்பதால். ஓய்வுக்கு உங்கள் சர்வர் என்ன தடை வைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டே எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள்.

கோப்பு வேலை: வரிசை மாறக் கூடாது

1. காப்பு நகல். மாட்யூல், ஹாக் கோப்புகள், எல்லாருடைய கேரக்டர்களும் இருக்கும் சர்வர்வால்ட் கோப்புறை, மூன்றையும் வேறு வட்டில் எடுத்து வையுங்கள்.

2. சோதனைச் சர்வர். சொந்தக் கணினியில் நகலை ஏற்றுங்கள். இயல்பான யுடிபி போர்ட் 5121. சோதனைக்கு வேறு எண்.

3. சொற்கள். கிளாஸ், ஃபீட் பெயர்களையும் விளக்கங்களையும் தனி டிஎல்கே கோப்பில் எழுதுங்கள். அட்டவணையில் அவற்றைக் குறிக்கும்போது வரி எண்ணோடு 16777216-ஐக் கூட்டிப் போட வேண்டும். கூட்டாமல் விட்டால் உங்கள் கிளாஸ் பெயருக்குப் பதிலாக ஆட்டத்தின் வேறு ஏதோ வசனம் தெரியும்.

4. கிளாசஸ் அட்டவணையில் கடைசி வரிசைக்குக் கீழே புதிய வரிசை. தாக்குதல், தற்காப்பு, திறன் அட்டவணைகளுக்கு ஏற்கெனவே உள்ள மந்திரவாதியின் பெயர்களையே கொடுக்கலாம். அதிகபட்ச லெவல் 10.

5. ஃபீட்கள். ஒவ்வொரு சக்திக்கும் ஃபீட் அட்டவணையில் ஒரு வரிசை, அது இயக்கும் ஸ்பெல் வரிசை. பிறகு கிளாஸின் சொந்த ஃபீட் பட்டியலில் எந்த லெவலில் தானாகக் கிடைக்கும் என்பது. 'லிஸ்ட்' பத்தியில் 3 என்று போட்டால்தான் தானாக வரும். 0 போட்டால் ஆட்டக்காரர் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும்.

6. நுழைவு நிபந்தனைகள். மந்திர லெவல், திறன் புள்ளி ஆகியவற்றோடு, ஒரு மாறியைப் பார்க்கும் நிபந்தனையும் வைக்க முடியும். டிஎம் அந்த மாறியை மாற்றினால்தான் கிளாஸ் திறக்கும். கதைக்குள் சிலந்தி வழிபாட்டில் தீட்சை பெற்றவருக்கு மட்டும் கொடுக்க இதைவிட நல்ல பூட்டு இல்லை.

7. ஹாக்கைச் சேர்த்தல். மாட்யூல் பண்புகளில் ஹாக் பட்டியலில் மேலே இருப்பதே செல்லும். ஏற்கெனவே வேறொரு ஹாக்கில் கிளாசஸ் அட்டவணை இருந்தால் இரண்டையும் கையால் ஒன்றாக்குங்கள். மேலுள்ளது கீழுள்ளதை முழுவதுமாக மறைத்துவிடும்.

8. சட்டபூர்வக் கேரக்டர் சோதனையை இயக்கி வைத்தே ஒன்று முதல் பத்து வரை லெவல் ஏற்றிப் பாருங்கள். ஒவ்வொரு லெவலிலும் வெளியேறித் திரும்ப நுழையுங்கள். அட்டவணையில் பிழை இருந்தால் சர்வர் உள்ளே விடாது. அந்தப் பிழை உங்கள் கண்ணில் படட்டும், ஆட்டக்காரர் கண்ணில் அல்ல.

கவனம்: வெளியிட்ட பிறகு வரிசை எண்களை நகர்த்தவே கூடாது. கேரக்டர் கோப்பில் சேமிக்கப்படுவது கிளாஸின் பெயர் அல்ல, வரிசை எண். இடையில் ஒரு வரிசையைச் செருகினால் நேற்றுவரை சிலந்தி மந்திரவாதியாக இருந்தவர் காலையில் வேறெதுவாகவோ எழுவார்.

உரிமை

மூன்றாம் பதிப்பின் திறந்த விதித் தொகுப்பில் வலை மந்திரம், சிலந்திகள், டிரௌ, ட்ரைடர் எல்லாம் உண்டு. லோல்த் என்ற சிலந்தித் தேவி அதில் இல்லை. விலைக்கு விற்கும் நூலில் உள்ள கிளாஸின் விளக்கப் பத்திகளை டிஎல்கே கோப்பில் அப்படியே நகலெடுக்காதீர்கள். சொந்த நடையில் எழுதுங்கள். தேவிக்கும் சொந்தமாக ஒரு பெயர் வைத்தால் கதையும் உங்களுடையதாகும்.

பயப்படுபவர்களுக்கு இடம்

சிலந்தியைப் பார்த்தாலே உடல் நடுங்குபவர்கள் எந்தச் சர்வரிலும் இருப்பார்கள். வணிக ஆட்டங்களே இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. 2020-ல் வந்த 'கிரவுண்டட்' ஆட்டத்தில் சிலந்தியின் கால்களையும் பற்களையும் படிப்படியாக மறைக்க ஒரு அமைப்பு இருக்கிறது. உங்கள் சர்வரில் செய்ய வேண்டியவை:

- சர்வர் அறிமுகத்திலேயே சிலந்திக் கிளாஸ் உண்டு என்று எழுதுங்கள்.
- துணைச் சிலந்திக்கு மாற்றாக நிழல் ஓநாய் போன்ற வேறு தோற்றம் ஒன்றைத் தயாராக வையுங்கள். "துணையின் உருவை மாற்று" என்ற கட்டளை ஆட்டக்காரரிடமே இருக்கட்டும். குழுவில் ஒருவர் கேட்டால் காரணம் கேட்காமல் மாற்ற வேண்டும்.
- இன்னொருவரின் கேரக்டரை நூலால் சுற்றிக் கூட்டில் தொங்கவிடுவது, உடலுக்குள் முட்டையிடுவது போன்ற வர்ணனைகளுக்கு முன், கதைக்கு வெளியே தனிச் செய்தியில் சம்மதம் வாங்குவதை விதியாக்குங்கள். பதில் வரவில்லை என்றால் அது மறுப்பு.
- நகரச் சதுக்கம், புதியவர் தொடங்கும் இடம் இரண்டிலும் சிலந்தி உருமாற்றத்துக்குத் தடை.

வெளியீடும் வாபஸும்

முதல் இரண்டு வாரம் நம்பிக்கையான மூன்று நான்கு பேருக்கு மட்டும், ஐந்தாம் லெவல் வரை திறந்துவிடுங்கள். யார் யார் மேல், எங்கே வலை வீசினார் என்பதைப் பதிவுக் கோப்பில் எழுதும் ஒரு வரியை ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள். புகார் வரும்போது வாய்ச்சண்டை குறையும். பிறகு மிச்ச லெவல்களைத் திறக்கலாம்.

கிளாஸ் ஒத்துவரவில்லை என்று தெரிந்தால் வரிசையை அழிக்காதீர்கள். வரிசை இருக்கட்டும், நுழைவு மாறியை மட்டும் யாருக்கும் திறக்காதபடி பூட்டுங்கள். ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு, அவர்களுடைய அனுபவப் புள்ளியை ஸ்கிரிப்ட் மூலம் அந்தக் கிளாஸ் தொடங்குவதற்கு முந்தைய அளவுக்குக் குறைத்து லெவலை இறக்குங்கள். அடுத்து அதே புள்ளியைத் திருப்பிக் கொடுத்தால் வேறு கிளாஸில் ஏறிக்கொள்வார்கள். புள்ளியைக் குறைக்கும் முன் பழைய எண்ணைத் தரவுத்தளத்தில் எழுதி வையுங்கள், கேரக்டர் கோப்பின் நகல் ஒன்றையும் எடுத்து வையுங்கள்.